டேப் கம்ப்ளீஷன்: முடிப்பா, நிரப்பலா?

ஷெல்லில், அதாவது கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் நிரலில், ஒரு கட்டளையின் முதல் ஓரிரு எழுத்தைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால், மிச்சத்தை அதுவே போட்டுவிடும். தில்லையில் சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்று இறைவன் அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். இங்கே அடியெடுத்துக் கொடுப்பது நாம், பாடுவது கணினி. இந்த வசதிக்கு ஆங்கிலத்தில் டேப் கம்ப்ளீஷன் என்று பெயர். தமிழில் என்ன சொல்லலாம்?

டேப் என்பது டேபுலேட்டரின் சுருக்கம். வேர், பலகையைக் குறிக்கும் ‘டாபுலா’ என்ற லத்தீன் சொல். தட்டச்சுப் பொறியில் கணக்குப் பத்திகளை நேராக அடிக்க உதவிய விசை அது. அழுத்தினால் அடுத்த நிறுத்தத்துக்குத் தாவும். அதற்குத் ‘தத்தல்’ என்ற தமிழ்ப் பெயர் கச்சிதம். தவளை தத்துகிறதே, அதேதான். ஆனால் ஷெல்லில் இந்த விசை எங்கும் தத்துவதில்லை. 1970களில் டெனெக்ஸ் இயங்குதளத்தில் இதே வேலையைச் செய்தது எஸ்கேப் விசை. டிசிஷெல் என்ற ஷெல்லின் ‘டி’ கூட அந்த டெனெக்ஸிலிருந்து வந்ததுதான். ஆக, விசையின் பெயரை விட்டுவிடலாம். வேலைக்குத்தான் பெயர் வேண்டும்.

கம்ப்ளீட்டின் மூலமான ‘கொம்ப்ளேரே’வுக்கு லத்தீனில் நிரப்புதல் என்று பொருள். நாம் புழங்கும் வடசொல்லான ‘பூர்த்தி’யும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு, ஈற்றடி கொடுத்து மீதியைப் பாடச் சொல்லும் விளையாட்டுக்குச் சமஸ்யாபூர்த்தி என்றே பெயர். ‘முடிப்பு’ என்றால் எனக்குப் பண முடிப்புதான் நினைவுக்கு வருகிறது. ‘நிறைவு’ அழகான சொல், ஆனால் இங்கே பொய். பொருந்தும் பெயர்கள் பல இருந்தால், அவற்றுக்குப் பொதுவான எழுத்துகள் வரை போட்டுவிட்டு ஷெல் நின்றுவிடும். எனவே என் வாக்கு ‘நிரப்பல்’ என்பதற்கு. அதற்காக நாமே எழுதும் செயற்கூறு (ஃபங்ஷன்), ‘நிரப்பி’.

பாஷ் என்ற ஷெல்லில் 2000ஆம் ஆண்டின் 2.04 பதிப்பிலிருந்து நிரப்பியை நாமே எழுதலாம். என்னிடம் ‘காப்பு’ என்றொரு சிறு நிரல் இருக்கிறது. அதற்கு எடு, மீட்டு, மாற்று என்று மூன்று உட்கட்டளைகள். ‘கம்ப்ளீட்’ கட்டளையால் நிரப்பியைக் காப்புடன் கோத்துவிட்டால், டேப் அழுத்தும்போதெல்லாம் பாஷ் அதை அழைத்து, அதுவரை தட்டிய சொற்களைக் கொடுக்கும். நிரப்பி தன் பரிந்துரைகளைக் ‘காம்ப்ரிப்ளை’ என்ற பட்டியலில் போட வேண்டும், அவ்வளவுதான். தட்டிய எழுத்துக்குப் பொருந்துவதை மட்டும் சலித்தெடுக்கும் வேலை ‘காம்ப்ஜென்’ என்ற கட்டளையினுடையது. சலிக்க மறந்தால், எதைத் தட்டினாலும் மூன்று பெயரும் வந்து நிற்கும்.

‘எ’ தட்டி டேப் அழுத்தினால் ‘எடு’ வந்துவிடும். சரி, ‘ம’ என்று தட்டினால்? ‘மீட்டு’, ‘மாற்று’ இரண்டுமே பொருந்தும். முதல் அழுத்தலுக்கு மணி அடிக்கும், இரண்டாவதுக்குப் பட்டியல் வரும். நம் கண்ணுக்கு மீ வேறு, மா வேறு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடிலோ இரண்டுமே ‘ம’ என்ற குறியீட்டில் தொடங்கி, அப்புறம்தான் உயிர்க்குறியில் பிரிகின்றன.