தாய்வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றால், நம் வீடுகளில் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். பேரக்குழந்தை படுக்கப்போகும் அறை பளிச்சென்று இருக்க வேண்டும். ஜன்னல் கம்பிக்குப் புது எனாமல், பரணிலிருந்து இறக்கிய பழைய தொட்டிலுக்கும் ஒரு பூச்சு.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் இப்படித்தான் நடந்தது. தாழ்வாரத்தில் பெயின்டர் உப்புத்தாள் வைத்து ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த பழைய மஞ்சள் எனாமல் மாவாக உதிர்ந்து, கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் படிந்திருந்தது. எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வர்ணம் அடிக்கும் நாளில் வாடை ஆகாது என்று அவரைச் சித்தி வீட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தார்கள். தேய்க்கும் நாளில் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. உதிர்ந்த அந்த மாவில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பர் 1 அன்று ஒரு விதியை அறிவித்தது. அது ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் விற்கும் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது. அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராம். தாண்டவில்லை என்று டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கவும் வேண்டும். ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைக்காதீர்கள், அது வெள்ளீயம். இது காரீயம். தாயின் இரத்தத்தில் கலந்தால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சேரும், வளரும் மூளையைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

விதி நல்ல விதிதான். ஓட்டைகள் கடையில் ஆரம்பிக்கின்றன.

'வீட்டுக்கும் அலங்காரத்துக்கும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். தொழிற்சாலைக்கும் வண்டிகளுக்கும் என்று விற்கும் பெயின்ட் இந்த வரம்புக்குள் வராது. கம்பிக்கு அதுதான் நன்றாக உழைக்கும் என்று பெயின்டர் சொல்வார், கடைக்காரரும் தலையாட்டுவார். வாங்கிவந்து தொட்டிலுக்கு அடித்த பிறகு இந்த விதியைக் காட்டினால், 'அது வீட்டுப் பெயின்டே இல்லையே' என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

அடுத்தது, வாடை இல்லை என்ற விளம்பரம். வாடை குறைவு என்றால் ஆவியாகும் ரசாயனம் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். காரீயத்துக்கு வாடையே கிடையாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறவர்களே அதிகம். சுவருக்கு அடிக்கும் தண்ணீர் கலக்கும் எமல்ஷனில் பொதுவாகத் தொல்லை குறைவு. தின்னர் ஊற்றும் எனாமலில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சையில்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த நிறங்களுக்குக் காரீயச் சேர்மங்களைச் சேர்ப்பது பழைய வழக்கம். நாம் தொட்டிலுக்குத் தேடுவதும் அதே நிறங்களைத்தான்.

கடையில் இயந்திரத்தில் நிறம் கலந்து தருகிறார்களே, அங்கேயும் ஒரு சிக்கல். டப்பாவில் அச்சிட்டிருப்பது கலப்பதற்கு முன் இருந்த வெள்ளைப் பெயின்டைப் பற்றியது. கலந்த சாயம் எந்த நிறுவனத்துடையது என்று கேளுங்கள். நிற எண் அச்சிட்ட சீட்டை மூடியில் ஒட்டச் சொல்லுங்கள். பெரிய டின்னிலிருந்து ஊற்றித் தரும் சில்லறைப் பெயின்டைத் தொடவே வேண்டாம். லேபிள் இல்லாத சரக்கில் எதையும் நிரூபிப்பது கடினம்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானதைப் பற்றி இந்த விதி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உங்கள் வீட்டுக் கதவிலும் ஜன்னலிலும் ஏற்கெனவே இருக்கும் பழைய பூச்சுதான் அது. புகார் கொடுக்க ஆளும் இல்லை, அலுவலகமும் இல்லை. நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய பூச்சு உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்டாதீர்கள், அதன் மேலேயே அடிக்கச் சொல்லுங்கள். உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாக மட்டுமே தேய்க்க வேண்டும். ஈரமில்லாமல் தேய்ப்பதும் நெருப்புக் காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. தரையில் பிளாஸ்டிக் விரித்து, வேலை முடிந்ததும் துடைப்பத்தை ஒதுக்கிவிட்டு ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். கர்ப்பிணி அந்த வேலை தொடங்கும் முன்பே வீட்டைவிட்டுப் போக வேண்டும், துடைத்து முடித்த பிறகுதான் திரும்ப வேண்டும். வாடை போய்விட்டதா என்று மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். தூசி ஏற்கெனவே பட்டிருக்கிறது என்றால் அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் சோதனை இருக்கிறது.

இனி, புது டப்பாவில் சந்தேகம் வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். எங்கள் தெருக்காரரோடு நானும் அலைந்தேன். டப்பாவில் காரீயம் பற்றி ஒரு வரியும் இல்லை. முதல் அலுவலகத்தில், இது தரம் சம்பந்தப்பட்டது, எங்களுடையது அல்ல என்றார்கள். இரண்டாவது இடத்தில், தர முத்திரை இல்லாத சரக்கை நாங்கள் எப்படி விசாரிப்பது என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில், ஆய்வக அறிக்கையோடு வாருங்கள் என்றார்கள். ஆய்வகத்தில், யார் கேட்டு அனுப்பினார்கள், கடிதம் எங்கே என்றார்கள். கர்ப்பிணியின் நாட்கள் இவர்களுக்காகக் காத்திருக்குமா? கடைசியில் எல்லோரும் கேட்டது பில். எங்களிடம் இருந்தது 'பெயின்ட் 4 லிட்டர்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. டப்பாவை பெயின்டரின் உதவியாள் வாயை வெட்டி, கம்பி கட்டி, வாளியாக்கியிருந்தார். லேபிள் மேல் முழுக்கச் சொட்டுகள்.

ஆகவே பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். பெயின்டர் பெயரில் இருந்தால், வாங்கியவர் நீங்கள் இல்லை என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். நிறுவனம், ரகம், தொகுப்பு எண் (பேட்ச் நம்பர்) மூன்றும் பில்லில் இருக்கட்டும். எழுத மறுத்தால் பில்லையும் டப்பாவையும் சேர்த்து வைத்து, மூடியைத் திறக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே தொகுப்பு எண்ணில் சின்ன டப்பா ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள். பிரித்த டப்பாவில் நீங்களே எதையோ கலந்தீர்கள் என்று சொல்வது அவர்களுக்கு மிகச் சுலபம்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. பதில் வருமென்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. வாசலிலேயே யாராவது வந்து, வக்கீல் இல்லாமல் நடக்காது என்பார்கள், நம்ப வேண்டாம். மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். ஆய்வகக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம், கையில் பணம் வைத்திருங்கள். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு மனு அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில். அதனால் அபராதம் விழுந்தாலும் அதில் ஒரு ரூபாயும் உங்களுக்கு வராது; அடுத்த வீட்டுக் குழந்தைக்காக அனுப்புவது அது. பதில் இல்லை என்றால், மனுவின் மேல் என்ன நடவடிக்கை என்பதற்கான கோப்பு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்ற கேள்விக்குத் தகவல் இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வழக்குப் போட உங்களுக்கு இருப்பது இரண்டு ஆண்டு. அதுவரை அந்த டப்பா பழைய இரும்புக்காரர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.