ஹெர்னியா அறுவை சிகிச்சைக்குப் பின் அதே இடத்தில் வீக்கமா?

தொடை இடுக்கில் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன ஒரு வாரத்துக்குள், அதே இடத்தில் உருண்டையாக ஏதோ தட்டுப்படும். "வலை வைத்தும் திரும்ப வந்துவிட்டதே" என்று வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் அது ஹெர்னியா இல்லை. சீரோமா எனப்படும் நீர்க்கோவை.

தசைச்சுவரின் ஓட்டை வழியே பிதுங்கியதை உள்ளே தள்ளிவிட்டு, அதன்மேல் பாலிப்ரொப்பிலீன் வலையைப் பரப்புகிறோம். லேப்ராஸ்கோப்பி முறையில் அது ஏறக்குறைய 10 செ.மீ.க்கு 15 செ.மீ. இருக்கும். குடல் உள்ளே போய்விட்டாலும், இத்தனை நாள் அது இருந்த பொந்து உடனே ஒட்டிக்கொள்ளாது. அந்தக் காலி இடத்தில் நீர் ஊறிச் சேர்கிறது. விரைப்பை வரை இறங்கிய பெரிய ஹெர்னியா என்றால் நீரும் அதிகம்.

எப்படிப் பிரித்தறிவது? ஹெர்னியா இருமினால் புடைக்கும், படுத்தால் சுருங்கும். நீர்க்கோவை இரண்டுக்கும் அசையாது. சந்தேகமிருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வாரத்தில் தானாக வற்றிவிடும். "ஊசி போட்டு உறிஞ்சிவிடுங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு ஊசிக் குத்தும் கிருமிக்கு வழி. வலையில் சீழ் பிடித்தால் சில சமயம் வலையையே எடுக்க நேரும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தையலைச் சுற்றி மரத்திருக்கும் தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். இறுக்கமான உள்ளாடை நல்ல தாங்கல் தரும்.

விரைப்பை கருநீலமாவதும் இப்படித்தான்: கசிந்த ரத்தம் கீழே இறங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது மலச்சிக்கல். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்கும்; முக்கினால் வலியும் வயிற்றழுத்தமும் ஏறும். மலமிளக்கியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், சிக்கல் வந்தபின் அல்ல. இருமல் வந்தால் காயத்தின்மேல் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்றே எழுந்து நடக்கலாம். வலி விடுகிற அளவுக்கு அன்றாட வேலைகள் செய்யலாம். பாரம் தூக்கும் தொழிலுக்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம். சட்டென பிரேக்கை மிதித்தால் வலிக்கிறதென்றால் வண்டி ஓட்டும் நாள் இன்னும் வரவில்லை.

காய்ச்சல், காயத்தில் சீழ், பல மணி நேரம் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு உப்புதல் இவற்றுக்கு அன்றே மருத்துவமனை. வீக்கம் கல்லாகி, வாந்தியும் வந்து, வாயு பிரியாமல் நின்றால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். அடைபட்ட குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கலாம்.