பாபநாசமா, பாவூர்சத்திரமா? – வளர்ந்தவர் வாசிக்கப் பழகும் விதம்

திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஓர் இளைஞனுக்குப் பாபநாசம், பாவூர்சத்திரம் என்ற இரண்டு பெயர்களும் ‘பா’வில் தொடங்கும் நீளமான சொற்கள், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புவரை பள்ளிக்குப் போனவன் அவன். க, கா, கி, கீ என்று ஒப்பிக்கச் சொன்னால் ஓரிடத்திலும் தடுக்காது. ஆனால் பலகையைப் பார்த்ததும் முதல் எழுத்தையும் சொல்லின் நீளத்தையும் வைத்து ஊகிக்கிறான்; சந்தேகம் வந்தால் நடத்துநரிடம் கேட்டுக்கொள்கிறான். இவனை எழுத்துத் தெரியாதவன் என்பது சரியாகாது. எழுத்து தெரிகிறது, வாசிப்புதான் நடக்கவில்லை.

பேச்சுக்கு மூளை பிறவியிலேயே ஆயத்தமாக இருக்கிறது. எழுத்தோ தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகளே ஆனது என்பதால், அதற்கென்று தனி உறுப்பு எதுவும் மூளையில் உருவாகியிருக்க முடியாது. எனவே முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில், இடப்பக்கத்தின் கீழ்ப்புறத்தில், ஒரு சிறு இடம் எழுத்துக்கென்று பழக்கப்படுகிறது. அது பேச்சொலிகளைக் கையாளும் பகுதியோடு இணையும்போது வாசிப்பு பிறக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹானின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தறியாதவர்கள், வளர்ந்தபின் வாசிக்கக் கற்றவர்கள், சிறுவயதிலேயே பள்ளி சென்றவர்கள் ஆகிய மூவகையினரின் மூளைகள் ஒப்பிடப்பட்டன. வளர்ந்தபின் கற்றவர்களிடமும் அதே இடம் எழுத்துக்கு விழித்துக்கொண்டது. பிறவியிலேயே பார்வையற்றவர்கள் பிரெயில் புள்ளிகளை விரலால் வாசிக்கும்போதும் அந்த இடமே செயல்படுவதாக 2011இல் காட்டப்பட்டது; பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி மாணவர்களின் விரல்கள் தாளில் ஓடும் வேகத்தைக் கண்டவர்களுக்கு இது பெரிய வியப்பாக இருக்காது. இருபது வயதுக்குமேல் மண்டையில் ஏறாது என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். (பாடத்தைத் தொடங்குமுன் கண் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது, கண்ணாடி இல்லாத குறை சில நேரம் படிப்புக் குறையாகத் தோன்றிவிடும்.)

வாசிப்பின் மறுபாதி காதில் இருக்கிறது. போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்லச் சொன்னபோது பெரும்பாலோர் திணறினர், வளர்ந்தபின் வாசிக்கக் கற்றவர்களோ பெரிதும் சமாளித்தனர் என்று 1979இல் உளவியலாளர் ஜோசே மொராயிஸின் குழு காட்டியது. சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் திறன் எழுத்தோடு சேர்ந்துதான் வளர்கிறது. தமிழில் இந்தச் சுமை ஓரளவு குறைவு, ஏனெனில் ம, ர என்ற எழுத்துகள் தனித்தனி அசைகளாகவே காதில் விழுகின்றன. ஆனால் ம, மி, மு மூன்றிலும் ‘ம்’ என்ற ஒரே மெய் ஒளிந்திருப்பதை ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் காது பிடிக்கும். 247 எழுத்து அட்டையை ஒப்பித்தவனுக்கு அது பாட்டாக மட்டுமே நினைவில் நிற்கிறது. வரிசையைக் கலைத்து ‘நீ’யைக் காட்டினால் ந, நா, நி என்று பாடிக்கொண்டுதான் அவன் அங்கே வந்து சேர்வான். ஆகவே அட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு, ப, ட, ம, க என்ற நான்கையும் கால் (ா), விசிறி (ி), புள்ளி (்) ஆகிய குறிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, படி, மாடி, பாட்டி, பக்கம் என்று கலைத்துக் கலைத்துப் பழக்குவதே என் பார்வையில் சிறந்த தொடக்கம்.

அடுத்து வரும் தடைகள் எழுத்திலேயே இருக்கின்றன. ‘கெ’யில் கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்வது மெய்யை; ‘கொ’வில் குறி இருபுறமும் நிற்கிறது. உகரத்துக்கோ ஒரே குறி என்பதே இல்லை: கு, சு, டு, து ஆகியவற்றை ஒவ்வொன்றாகவே பழக வேண்டும். ஒலியும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கடல், தங்கம், பகல் மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. கூட்டிப் படிப்பவன் ‘பகல்’ என்பதில் வல்லோசை கொடுத்துவிட்டு, தான் தினமும் சொல்லும் சொல்லையே அடையாளம் காணாமல் விழிப்பான். பாட்டு, (தண்ணீர்) பாட்டில் இரண்டின் முதல் ஒலியையும் வேறுபடுத்த எழுத்து உதவாது, சொல்லறிவுதான் உதவும்.

அப்போதைக்கு மனத்தில் பிடித்துவைக்கும் நினைவு சில நொடிகளில் கலைவதால், ஒவ்வோர் எழுத்துக்கும் நேரம் எடுத்தால் சொல்லின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும். இதற்கு மருந்து ஒரே சிறு பத்தியை நாலைந்து முறை உரக்கப் படிப்பதும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்துக்குப் பதிலாகத் தினமும் இருபது நிமிடம் உட்கார்வதுமே.

வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைக் கூட்டும் திறனும் மொழியறிவும் ஒன்றையொன்று பெருக்கிய பலன் என்று 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விளக்கினர். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். நெல்லைச் சீமையில் இந்த இரண்டாம் பாதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ‘படிக்கிறார்கள்’ என்று சரியாகக் கூட்டிவிட்டாலும், அவன் காதுக்குத் தெரிந்தது ‘படிக்காவ’. ‘சொல்கிறேன்’ அவனுக்குச் ‘சொல்லுதேன்’. மழையை ‘மள’ என்று சொல்லிப் பழகியவனுக்கு ழகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காது காட்டித்தராது. எனவே முதல் பாடங்களில் அவன் வாயால் சொன்னதை அப்படியே எழுதி அவனையே வாசிக்க வைத்து, அதன் கீழே எழுத்துத் தமிழ் வடிவத்தை எழுதிக் காட்டலாம். பீடி சுற்றும் முக்கூடல் பக்கத்து வீடு என்றால், இலை, தூள், பீடி எண்ணிக்கை என்று அம்மாவின் கணக்குப் புத்தகத்தில் தினமும் ஏறும் சொற்களையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.