சிப்பை வரையும் முன் ஃபைபரை நினையுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆராய்ச்சி மாணவி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் சின்ன ஜெல் பெட்டி, அதற்குள் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு, மின்சாரத்துக்குப் பதில் ஒளியைக் கொண்டுபோகும் ஒரு சிலிக்கான் சிப். சிப் செய்து தரும் ஆலையான ஃபவுண்டரிக்கு வரைபடம் அனுப்பி எட்டு மாதம் காத்திருந்து வாங்கியது. “எட்டு ஃபைபர் ஒட்டிக் கொடுத்தீங்கன்னா போதும் சார்” என்றார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒளியை உள்ளே வாங்கவும் வெளியே விடவும் எட்டு கப்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 100 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒளியைக் கொண்டுவரும் ஃபைபரின் கண்ணாடியே 125 மைக்ரான் தடிமன். எவ்வளவு நெருக்கி வைத்தாலும் அதற்குக் கீழே போகாது. பல ஃபைபர்களைக் கண்ணாடிக் கட்டையில் வரிசையாகப் பதித்த ஃபைபர் அரேக்கள் வழக்கமாக 127 அல்லது 250 மைக்ரான் இடைவெளியில்தான் வரும். அவருடைய சர்க்யூட்டில் ஒரு குறையும் இல்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஃபைபரைப் பிடித்து அளந்தபோது அழகாக வேலை செய்தது. ஆனால் எட்டையும் ஒரே நேரத்தில் ஒட்டி, பெட்டியில் போட்டு, இன்னொருவர் மேசைக்கு அனுப்ப வழியில்லை. இது அவர் ஒருவர் கதை அல்ல. என்னிடம் வரும் சிப்களில் கணிசமானவை இப்படித்தான், ஃபைபரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வரையப்பட்டவை.

கடைசியில் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் இல்லை இது. சாதாரண சிங்கிள்மோடு ஃபைபரில் 1550 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்) அலைநீள ஒளி சுமார் 10 மைக்ரான் அகல வட்டமாகப் போகிறது. சிப்புக்குள் ஒளி போகும் பாதையான சிலிக்கான் வேவ்கைடு சுமார் 450 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். பரப்பளவில் கிட்டத்தட்ட எண்ணூறு மடங்கு வித்தியாசம். கிணற்றுத் தாம்புக்கயிற்றை ஊசிக் காதில் கோக்கிற வேலை. நேராக முட்டவைத்தால் ஒளியில் பெரும்பகுதி வெளியே சிதறிப்போகும். ஓர் இணைப்பில் 3 டெசிபெல் போனால் பாதி ஒளி போய்விட்டது என்று பொருள். நல்ல ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான் இழப்பு. அப்படியென்றால் 15 கிலோமீட்டர் கேபிள் தின்னும் ஒளியை இந்த ஓர் ஒட்டு தின்றுவிடுகிறது. வெளியே வரும்போது இன்னொரு முறை.

வழிகள் முக்கியமாக இரண்டு. சிப்பின் மேல்பரப்பில் கிரேட்டிங் கப்ளர் போட்டு மேலிருந்து ஒளியை இறக்குவது ஒன்று. சுமார் 600 நானோமீட்டருக்கு ஒரு வரி வீதம் செதுக்கிய சீப்பு மாதிரி இருக்கும். ஃபைபரைச் செங்குத்தாக வைக்காமல் 8, 10 டிகிரி சாய்த்துப் பிடிப்போம், நேராக வைத்தால் ஒளி வந்த வழியே திரும்பும். இதன் ஒளி வட்டமும் 10 மைக்ரான்தான் என்பதால் ஃபைபர் ஒரு மைக்ரான் விலகினாலும் 0.2 டெசிபெல்கூடப் போகாது. ஆனால் ஃபவுண்டரி தரும் வழக்கமான கிரேட்டிங்கில் 3 முதல் 5 டெசிபெல் வரை இழப்பு சகஜம். அலைநீளம் கொஞ்சம் மாறினாலும், ஒளி அலை அதிரும் திசையான போலரைசேஷன் மாறினாலும் வரும் ஒளி இன்னும் குறையும். மேசையில் கிடக்கும் சாதாரண ஃபைபரைக் கையால் நகர்த்தினாலே மீட்டரில் எண் ஆடுவதைப் பார்க்கலாம்.

இன்னொன்று விளிம்பிலிருந்து கொடுப்பது. வேவ்கைடைக் கூர்மையாக்கி 100, 150 நானோமீட்டருக்குக் கொண்டுபோனால், ஒளி அதற்குள் அடங்க முடியாமல் சுற்றியுள்ள கண்ணாடியில் பரவி, சுமார் 3 மைக்ரான் வட்டமாகப் பெருகும். குறுக்கக் குறுக்க ஒளி விரிகிறது என்பதைப் புதிதாகக் கேட்பவர்கள் நம்பச் சிரமப்படுவார்கள். லென்ஸ் முனை ஃபைபர் வைத்தால் இழப்பு 2 டெசிபெலுக்குக் கீழே வரும், அகலமான அலைவரிசையும் கிடைக்கும். ஆனால் இங்கே ஒரு மைக்ரான் விலகினால் கிட்டத்தட்ட 2 டெசிபெல் காலி. எந்த வழி என்பதைச் சர்க்யூட் வரையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் பசை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பதற்றமான நேரம் அதுதான். ஆறு அச்சுகளிலும் நகரும் மேடையில் அரேயைப் பிடித்து, அரை மணி நேரம் தேடி, மீட்டர் உச்சத்தைக் காட்டும் இடத்தில் நிறுத்தியிருப்போம். பசையை இறுக்கும் யு.வி. (புற ஊதா) விளக்கைப் போட்டதும் பசை இறுகிச் சுருங்கும். ஒரு பக்கம் துளி தடித்திருந்தால் அந்தப் பக்கமாக அரேயை இழுக்கும். எண் இறங்குவது கண்முன்னே தெரியும், ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பசையை மெல்லிசாக, சமமாகப் பரப்பி, முதலில் குறைந்த வெளிச்சத்தில் சிறுகச் சிறுக இறுகவிடுகிறோம். வெப்பத்தில் சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்குதான் விரியும். பசையாகப் போடும் எபாக்சி அதைப்போல இருபது மடங்குக்கும் மேல் விரியக்கூடியது. இன்று காலை நன்றாக இருந்த ஒட்டு, அடுப்பில் வைத்து எடுத்ததும் விலகுவது இதனால்தான். ஃபைபரின் வாலையும் பின்னால் தனியாக ஒட்டித் தாங்க வேண்டும். ஆரம்ப காலத்தில் நான் ஒரு வாலை மேசை ஓரத்தில் தொங்கவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் அரே பெயர்ந்து, சிப்பின் மேற்படலமும் கூடவே உரிந்து கிடந்தது.

வரைபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: வரிசையின் இரண்டு ஓரக் கப்ளர்களையும் ஒரு வேவ்கைடால் லூப் போட்டு இணைத்துவிடுங்கள். முதல் ஃபைபரில் ஒளியை விட்டுக் கடைசி ஃபைபரில் வாங்கினால் அரேயின் இடமும் திருப்பமும் ஒருசேரச் சரியாகும். உங்கள் சர்க்யூட்டுக்கு மின்சாரம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு சேனல் செலவாகும், ஆகட்டும். மின் கம்பி ஒட்டும் பேட்களையும் அதே விளிம்பில் போடாதீர்கள், அரேயின் கண்ணாடிக் கட்டை அந்தக் கம்பிகள் மேல் உட்கார்ந்துவிடும்.

ஃபைபரின் மறுமுனையில் உள்ள கனெக்டரைச் செருகும் முன் ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பில் பார்த்துத் துடைக்க வேண்டும். ஒளி போகும் மையம் 9 மைக்ரான்கூட இல்லை, ஒரு தூசியே அதை மூடிவிடும். பச்சைக் கனெக்டரை நீலத்தோடு சேர்க்காதீர்கள், பச்சையின் முகம் 8 டிகிரி சரிவு. லேசர் எரியும்போது ஃபைபர் முனையைக் கண்ணால் பார்க்கவே கூடாது, லென்ஸ் வழியாக அறவே கூடாது. 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதே ஆபத்து. வெட்டிய ஃபைபர் துண்டுகளை மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள், விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

2025 மார்ச்சில் என்விடியா, கணினிகளுக்கிடையே தரவைத் திருப்பிவிடும் ஸ்விட்ச் சிப்பின் பக்கத்திலேயே ஒளிச் சிப்களை வைத்த கருவிகளை அறிவித்தது. ஒரே கருவிக்குள் நூற்றுக்கணக்கில் ஃபைபர்கள் வரும் காலம் இது. சாதாரண ஃபைபரின் பிளாஸ்டிக் உறை, சிப்பைப் பலகையில் பற்றவைக்கும் சால்டர் உருகும் சூட்டைத் தாங்காது. எதை முதலில் ஒட்டுவது, எதைப் பிறகு என்ற வரிசையையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

அந்த மாணவிக்கு இந்தச் சிப்பில் இரண்டு ஃபைபர் மட்டும் ஒட்டிக் கொடுத்தோம், ஒரு சோதனைக்கு அது போதும். போன வாரம் அடுத்த சிப்பின் வரைபடத்தோடு வந்தார். சர்க்யூட் இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. விளிம்பில் 127 மைக்ரான் இடைவெளியில் பத்து கப்ளர்கள், இரண்டு ஓரமும் லூப், பேட்கள் எதிர்ப்பக்கம்.