யாரும் நினைக்கவில்லை, புரைதான் ஏறுகிறது

பெரம்பூரில் ஒரு வீடு. பக்கவாதம் வந்து ஆறு வாரமான பெரியவர், மகள் கொடுத்த எவர்சில்வர் டம்ளரை வழக்கம்போல் உதடு படாமல் அண்ணாந்து சாய்த்தார். இரண்டு மடக்குதான், இருமல் பிடித்துக்கொண்டது. "யாரோ நினைக்கிறார்கள்" என்று மனைவி அவர் உச்சந்தலையில் தட்டினார்.

"இட்லி நன்றாகத்தான் சாப்பிடுகிறார் மேடம், தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் மகள்.

விழுங்குதல் சிகிச்சையாளராக இதை நான் அடிக்கடி கேட்கிறேன். இட்லியை மென்று வாயில் நிறுத்திவைக்கலாம். தண்ணீர் காத்திருக்காது; குரல்வளை மூடுவதற்குள் ஓடிவிடும். பக்கவாதத்தில் அந்த மூடல் தாமதமாகலாம். அண்ணாந்தால் தண்ணீர் நேரே தொண்டைக்குள் விழும், மூச்சுப் பாதையும் அகலத் திறந்திருக்கும். எச்சில் படாமல் குடிப்பது நம் மரியாதை. நோயாளிக்கு அது ஆபத்து. அவருக்கென்று தனி டம்ளர் ஒதுக்கி, நிமிர்ந்து உட்காரவைத்து, உதடு வைத்து ஒவ்வொரு வாயாகக் குடிக்கச் சொன்னேன். அன்றைய சிகிச்சை அவ்வளவுதான்.

மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. யாருக்கு எது என்பதை மூக்கு வழியே விடும் மெல்லிய கேமராவோ, பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவோதான் காட்டும். எனக்கு இருமுகிறவர்களைவிட இருமாதவர்களைப் பற்றித்தான் பயம். சிலருக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் உணர்வே இராது. குடித்தபின் குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள், நிமோனியாவாக இருக்கலாம்.

பார்க்க வரும் உறவினர்கள் கஞ்சி கொடுக்கச் சொல்வார்கள். எச்சில் பட்ட கரண்டியை அதே கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை நீர்க்கவைத்துவிடும். சிறிது சிறிதாக வேறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுங்கள். ரசம் சாதம் இன்னும் மோசம்: பருக்கை வாயில் நிற்கும்போதே ரசம் ஓடிவிடும். குழைய மசித்த பருப்பு சாதம் பெரும்பாலும் பரவாயில்லை. பல் துலக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மூக்கில் குழாய் இருந்தாலும்கூட. வாய்க் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும்.

பயிற்சிகளுக்குப் பிறகு, மறுபரிசோதனையும் சரியாக வந்தபின், பெரியவர் கேட்டது ஃபில்டர் காபி. டபராவில் ஆற்றிக் கொடுத்தார்கள். உதடு வைத்துக் குடித்தார். இரண்டாவது மடக்கு முடிந்ததும், குரலைக் கேட்பதற்காகப் பெயரைச் சொல்லச் சொன்னேன். "சர்க்கரை போதவில்லை" என்றார். குரலில் ஈரம் இல்லை.