சாளை நெய்யும் காலையில் மடங்காத விரலும்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அம்மாவுக்கு முடக்குவாதம், காலையில் எழுந்தால் விரல் மடக்க முடியவில்லை, தினம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை போட்டுப் பத்து நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை, இது ஏமாற்று வேலையா?

ஏமாற்று இல்லை, ஆனால் பத்து நாள் போதாது. எண்ணெய் நேரே மூட்டுக்குப் போய் சைக்கிள் செயினுக்கு விட்டது போல வழுக்க வைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு துளிகூட அங்கே போவதில்லை.

செல்லைச் சுற்றிக் கொழுப்புச் சவ்வு இருப்பது பள்ளியில் படித்ததுதான். அதில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் செருகியிருக்கும். அழற்சி தொடங்கினால் ஒரு நொதி அதை வெட்டியெடுக்க, காக்ஸ் என்ற இன்னொரு நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின் இ2 ஆக்கும், வீக்கத்துக்கும் வலிக்கும் அது ஒரு முக்கியக் காரணம். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்த உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-ல் காட்டிய ஜான் வேனுக்கு 1982 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மீன் எண்ணெயின் வழி வேறு, எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். அது நொதிக்குப் போகும் சரக்கையே மாற்றிவிடுகிறது. அதிலுள்ள இபிஏ என்ற கொழுப்பு அமிலத்துக்கும் அராக்கிடோனிக் போலவே 20 கார்பன், இரட்டைப் பிணைப்பு மட்டும் நான்குக்குப் பதில் ஐந்து. இந்த ஒன்று கூடியதால் வரும் வளைவு காக்ஸுக்குச் சரியாக ஒத்துவருவதில்லை. பிடித்துக்கொள்ளும், ஆனால் வேலை இழுக்கும், அதுவரை அராக்கிடோனிக்குக்கு அங்கே இடம் கிடைக்காது, கடைசியில் வெளியே வருவதும் புரோஸ்டாகிளாண்டின் இ3 என்ற, வீரியம் குறைந்த சரக்கு. போதாததற்கு இபிஏயிலிருந்தும், மீன் எண்ணெயிலுள்ள இன்னொரு கொழுப்பு அமிலமான டிஹெச்ஏயிலிருந்தும் ரிசால்வின் என்று சில மூலக்கூறுகள் உருவாகி, அழற்சியை முடித்துவைக்கும் வேலையைப் பார்க்கின்றன. சவ்வில் பழையது போய்ப் புதியது சேர வாரக்கணக்காகும், அதனால்தான் இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறோம்.

அப்புறம் அளவு. முடக்குவாத ஆய்வுகளில் பலன் தெரிந்தது இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 3 கிராம் கொடுத்தபோது. சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் இவை 180-ம் 120-ம்தான், அதாவது அம்மா எடுப்பது பத்தில் ஒரு பங்கு. சரியான அளவிலும் காலை விறைப்பு கொஞ்சம் குறையும், வலி மாத்திரை குறையலாம், அவ்வளவுதான், முடக்குவாதத்துக்கு மருத்துவர் தரும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வயதால் வரும் மூட்டுத் தேய்மானத்துக்கு ஆதாரம் இன்னும் பலவீனம்.

இந்த இபிஏயை மீன் பெரும்பாலும் தானே செய்வதில்லை. தென்மேற்குப் பருவமழையில் கேரளக் கரையோரம் அடித் தண்ணீர் மேலே வந்து நுண்பாசி பெருகும், அதைத் தின்றுதான் சாளைக்கு, அதாவது மத்தி மீனுக்கு, நெய் வைக்கிறது. குளச்சல் சந்தையில் வாங்கிய கொழுத்த சாளையைக் குழம்பு வைத்தால் சட்டியின் மேலே மிதக்கிறதே, அதேதான். வாரம் இரண்டு நாள் சாளைக் குழம்பு மூட்டுக்கு என்ன செய்கிறது என்று பெரிய ஆய்வு நடத்த மாத்திரைக் கம்பெனி பணம் தராது, அரசுதான் தரவேண்டும். கொச்சி மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மூட்டுவலிக்குப் பச்சைச் சிப்பியிலிருந்து மாத்திரையே செய்திருக்கிறது, ஆகவே ஆய்வு செய்ய ஆளில்லை என்று சொல்ல முடியாது.

வாதம் என்றால் மீனே ஆகாது என்பதும் எங்கள் பக்கத்துப் பேச்சுதான். யூரிக் அமில மூட்டுவலிக்காரர்கள் சாளையைக் குறைப்பது சரி, முடக்குவாதத்துக்கு அந்தப் பத்தியம் தேவையில்லை. 3 கிராம் எட்டுவதற்காக மீன் ஈரல் எண்ணெயை மட்டும் ஊற்றிக் குடிக்கவேண்டாம், வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றாலோ, இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர் என்றாலோ, மருத்துவரிடம் கேட்ட பிறகே அளவைக் கூட்டுங்கள்.