பூஸ்ட் குறைந்த காருக்கு ட்யூனிங் பாக்ஸ் மருந்தல்ல

கோவையில் டீசல் கார்களின் பம்ப், இன்ஜெக்டர், டர்போ வேலைகளைப் பார்க்கும் பட்டறை என்னுடையது. சென்ற வாரம் வந்த ஒரு கார்தான் இதை எழுத வைத்தது. இந்த ஆண்டில் இதே கதையோடு வந்த நான்காவது கார் அது. "அண்ணா, மேட்டுப்பாளையம் வரைக்கும் நல்லா போகுது, கல்லாறு தாண்டி ஏத்தம் வந்தா இழுக்கவே மாட்டேங்குது" என்று அதன் உரிமையாளர் நான்கு மாதங்களுக்கு முன் ஒரு கடையில் சொல்லியிருக்கிறார். அவர்கள் எதையும் சோதித்துப் பார்க்காமல் இழுவையைக் கூட்டும் என்று விற்கப்படும் சிறு மின்னணுப் பெட்டியான ஒரு ட்யூனிங் பாக்ஸை மாட்டி அனுப்பிவிட்டார்கள். முதலில் கொஞ்சம் இழுவை கூடியது போலிருந்தது. பிறகு கரும்புகை வந்தது, பிறகு செக் லைட் எரிந்தது, பிறகு வேறொரு பட்டறையில், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவும் புதிதாக மாட்டப்பட்டது. அதன் பிறகும் வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை.

என்னிடம் வந்ததும் பார்த்தேன். டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருஞ்சேறாக ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு ஹோஸை இரண்டு கையாலும் வளைத்தபோது மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு வாயைத் திறந்தது; கையை விட்டதும் மூடிக்கொண்டது. வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் அது மூடியே இருக்கும், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும்போது மட்டும் திறந்து காற்றை வெளியே விடும். அந்தக் காரின் நோய் அது ஒன்றுதான். கழற்றிய பழைய டர்போவையும் உரிமையாளர் கொண்டுவந்திருந்தார். தண்டில் ஆட்டம் இல்லை, இறக்கைகளில் உரசல் இல்லை, அது நல்ல டர்போ.

ட்யூனிங் பாக்ஸ் பூஸ்டைக் கூட்டும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான பாக்ஸ்கள் இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்த டீசலைத் தரும் குழாயான எரிபொருள் ரெயிலில் இருக்கும் அழுத்த சென்சருக்கும், இன்ஜினின் கணினியான இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து, உண்மையான அழுத்தத்தைக் குறைத்துச் சொல்கின்றன. ரெயிலில் 1,400 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வேண்டும் என்று இசியு கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,400 வந்த பிறகும் பாக்ஸ் 1,280 என்று காட்டுவதால், போதவில்லை என்று நினைத்து இசியு பம்பை மேலும் அழுத்தச் சொல்கிறது. உள்ளே 1,500ஐத் தாண்டுகிறது. இன்ஜெக்டர் திறக்கும் அதே நேரத்துக்குள் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள் போகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு மூச்சுக் காற்றைக்கூட அது உண்டாக்குவதில்லை.

காற்று போதாத இன்ஜினில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை உரிமையாளர்கள் தயவுசெய்து புரிந்துகொள்ள வேண்டும். காற்று இன்ஜினுக்குள் நுழையும் இன்டேக் மேனிஃபோல்டில் எதிர்பார்த்த அழுத்தம் வராதபோது இசியுதான் டீசலைக் குறைக்கிறது. ஏற்றத்தில் நீங்கள் உணர்ந்த அந்த இழுவைக் குறைவு, பெரும்பாலும் இன்ஜினைக் காப்பாற்ற இசியு போட்ட கட்டுப்பாடே. பாக்ஸ் ஊட்டும் கூடுதல் டீசல் இசியுவின் கணக்குக்கே வராததால் அந்தக் காவல் பயனற்றுப் போகிறது. எரியாத டீசல் கரும்புகையாகிறது, வெளியேறும் புகையின் வெப்பம் ஏறுகிறது, பிஸ்டனின் தலையும் டர்போவில் புகையால் சுழலும் டர்பைன் பக்கமும் அந்தச் சூட்டை வாங்குகின்றன. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 மாசு விதிக்குட்பட்ட கார்களில் புகை வெளியே தெரியாது. கரி முழுவதும் டிபிஎஃப் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். கரும்புகையைச் சக்தியின் அடையாளமாகக் காட்டி மகிழ்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அது எரிந்து பயன்படாமல் போன காசு.

பூஸ்ட் குறைந்தால் முதலில், இசியுவின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: கோவையில் சுமார் 965 மில்லிபார், ஊட்டியில் 780ஐ ஒட்டி. இந்த இடத்திலேயே தவறாகக் காட்டும் சென்சரை நம்பி மற்றவற்றைத் தேடுவது வீண். ஸ்கேனரில் தெரிவது வெளிக்காற்றையும் சேர்த்த முழு அழுத்தம் என்பதையும் மறக்க வேண்டாம். 2,000 மில்லிபார், அதாவது 2 பார், என்று காட்டினால் பூஸ்ட் ஏறக்குறைய 1 பார்தான். அதை 2 பார் என்று படித்துவிட்டு, டர்போ அதிகமாக ஊதுகிறது என்று டர்போவின் ஊதலைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரைத் திருகிய வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

அடுத்தது ஹோஸ்கள். டர்போவின் வெளிவாயில் முதல் இன்டேக் மேனிஃபோல்டு வரையுள்ள பாதையை அடைத்து, ரெகுலேட்டர் வைத்து 1 பாருக்கு மிகாமல் காற்றேற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவினால் கசிவு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஹோஸின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. அதைக் காட்டி டர்போவின் சீல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வெளிப்புறத்து எண்ணெய்த் தடம்தான் கவனிக்க வேண்டியது.

கசிவு இல்லையென்றால் ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறு குழாயைப் பாருங்கள். இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும், வாக்குவத்தால் (வெற்றிடத்தால்) இயங்கும் விஜிடி டர்போவில் அந்தக் குழாய் கிழிந்தால் பூஸ்ட் குறையும். உபரிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிட, காற்றழுத்தத்தால் திறக்கும் வேஸ்ட்கேட்டில் அதே குழாய் கழன்றால் பூஸ்ட் எல்லை மீறி ஏறும். எந்த வகை என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. கரி படிந்து இறுகிய விஜிடி இறக்கைகள், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும், மூடாமல் நின்றுவிட்ட இஜிஆர் வால்வு, அடைத்த ஏர் ஃபில்டர் ஆகியவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் டர்போவின் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும். ஸ்கேனரில் பி0299 (P0299) என்ற பிழைக்குறியீடு வந்ததும் டர்போவை மாற்றச் சொல்லும் மெக்கானிக் நண்பர்களுக்கு: அந்தக் குறியீடு பூஸ்ட் குறைவு என்று மட்டுமே சொல்கிறது, டர்போ கெட்டது என்று சொல்வதில்லை.

எல்லாம் சரியாக உள்ள காரில், வாரண்டி போகும் என்பதை அறிந்தே பாக்ஸ் மாட்ட விரும்புபவர்களைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் ஒயரை வெட்டி டேப் சுற்றாதீர்கள். அந்த மாடலுக்கான சாக்கெட்டோடு வரும் ஒயரிங்கை மட்டும் பயன்படுத்துங்கள். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். டர்போவுக்கும் சைலன்சர் குழாய்க்கும் அருகில் ஒயர் போகக் கூடாது. மிகக் குறைந்த அமைப்பில் தொடங்குங்கள், ஏற்றத்தில் ஓட்டும்போது பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். புகை வந்தால் அன்றே கழற்றிவிடுங்கள்.

வீட்டில் தாமே வேலை பார்க்கும் இளைஞர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்ஜின் ஓடும்போது டீசல் ரெயிலின் இரும்புக் குழாயைத் தளர்த்தாதீர்கள், கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். டயரில் இருப்பது 2 பாரைச் சற்றுத் தாண்டிய காற்று. அந்தக் குழாயில் ஓடுவது ஆயிரம் பாருக்கு மேற்பட்ட டீசல். ஊசிமுனை அளவு கசிவும் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சிறு புள்ளியும் லேசான எரிச்சலும் மட்டுமே தெரியும், ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல், அந்த நிமிடமே அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் கைக்குள் பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.